வி-கிராஸ் 4×4: பின் சக்கரத்தில் ஸ்டட் முறிந்துவிட்டது, மலையிலேயே மாற்ற முடியுமா?

கொல்லிமிளகு (செம்மேடு)

வணக்கம் நண்பர்களே. வண்டி இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ், 4×4, மேனுவல் கியர். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கொல்லிமலையில் மிளகும் காபியும் போட்டிருக்கிறோம். தோட்டத்திலிருந்து செம்மேட்டுக்கு மூட்டை ஏற்றி ஓடுகிற வண்டி.

நேற்று மண் பாதையில் வரும்போது இடது பின் பக்கம் டொக் டொக் என்று சத்தம். வேகம் கூடினால் சத்தமும் கூடுகிறது. நிறுத்திப் பார்த்தால் ஆறு ஸ்டட்டில் (சக்கரத்தைப் பிடிக்கும், நட் மாட்டுகிற மரைத் தண்டு) பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு முறிந்து, நட்டோடு எங்கேயோ விழுந்துவிட்டன. அவற்றுக்குப் பக்கத்து மூன்றாவதில் நட் இருக்கிறது. ஆனால் ஸ்பேனர் போட்டால் கழலவில்லை, ஸ்டட்டும் சேர்ந்து சுற்றுகிறது. மீதி மூன்றும் இறுக்கமாக இருப்பதுபோலத்தான் தெரிகிறது.

போன மாதம்தான் ஒரு டயர் கடையில் நான்கு சக்கரத்தையும் கழற்றி மாற்றிப் போட்டார்கள். ஏர் கன்னில்தான் இறுக்கினார்கள்.

என் கேள்விகள்: இப்படியே மெதுவாக நாமக்கல்லுக்கு இறக்கலாமா? இங்கேயே மாற்ற முடியுமா? முறிந்த இரண்டை மட்டும் மாற்றினால் போதுமா?

டீசல்வாசம் (ராசிபுரம்)

நான்கு நட் இருக்கிறதே, 20 கிலோமீட்டர் வேகத்தில் இறக்கிவிடலாம் நண்பரே. மலையில் எத்தனை ஜீப் இப்படி ஓடுகிறது.

ரிக்வண்டி (திருச்செங்கோடு)

தயவுசெய்து இறக்காதீர்கள். நான்கு இல்லை, மூன்றுதான். சுற்றுகிற ஸ்டட் எதையும் பிடிக்கவில்லை, அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அந்த மூன்றும் ஒரே பக்கமாக இருக்கின்றன, எதிர்ப்பக்கம் பிடிமானமே இல்லை. மலையடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்க 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் ஒரு முறை வளைத்துப் பார்க்கும். அதோடு இறக்கம் முழுக்க பிரேக். சக்கரம் கழன்றால் வண்டி மட்டும் போகாது, கீழ் வளைவில் பைக்கில் வருகிறவன் மேல் போய் விழும்.

ஆறில் ஒன்று போயிருந்தால், மற்ற ஐந்தும் நன்றாக இருந்தால், சரக்கு இறக்கிவிட்டு பக்கத்து ஊர் வரை மெதுவாகப் போகலாம் என்று நானே சொல்வேன். இது அந்தக் கேஸ் இல்லை. வண்டியை அங்கேயே நிறுத்துங்கள். சாமானைப் பஸ்ஸில் மேலே வரவழையுங்கள். ஸ்டட் மாற்ற லிஃப்ட் தேவையில்லை, பிரஸ் தேவையில்லை. சமதளமான இடமும் பொறுமையும் இருந்தால் போதும்.

ஒரு விஷயம். முறிந்த ஸ்டட்டின் முகத்தைப் பக்கத்தில் போய்ப் போட்டோ எடுங்கள். அதைப் பார்த்தால் ஏன் முறிந்தது என்று பாதி தெரிந்துவிடும்.

கொல்லிமிளகு

வண்டி இப்போது தோட்டத்துக் களத்தில் நிற்கிறது, சிமென்ட் தரை. இறக்கவில்லை.

போட்டோ போட்டிருக்கிறேன். இரண்டுமே பிரேக் டிரம்மின் முகத்துக்குச் சரிமட்டமாக முறிந்திருக்கின்றன. ஒன்றில் முகத்தின் முக்கால் பங்கு கறுத்து, வழவழப்பாக, வளைவு வளைவாக மெல்லிய கோடுகளோடு இருக்கிறது. கால் பங்கு மட்டும் சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக, புதிதாக உடைந்தது போல. இன்னொன்றில் பாதிக்குப் பாதி.

வெர்னியர் (கோவை)

நல்ல போட்டோ. இது இழுத்து அறுந்ததும் இல்லை, ஏர் கன்னில் முறுக்கி உடைத்ததும் இல்லை. முறுக்கி உடைத்தால் முகம் முழுவதும் சுழித்துக்கொண்டு போயிருக்கும், கழுத்துப் பக்கம் நீண்டு மெலிந்திருக்கும். உங்களுடையது களைப்பு முறிவு. ஒரு ஓரத்தில் விரிசல் விட்டு, சக்கரம் சுற்றச் சுற்றக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போயிருக்கிறது. அந்த வளைவுக் கோடுகள் விரிசல் நின்று நின்று முன்னேறிய தடம். கறுப்பு நிறம் துருவும் பிரேக் தூசியும் உள்ளே புகுந்ததால் வந்தது. மிச்சமிருந்த கால் பங்கால் தாங்க முடியாமல் நேற்று ஒரே அடியாக உடைந்தது. அதாவது இந்த ஸ்டட் நேற்று கெட்டுப்போகவில்லை, பல நாளாகவே கெட்டுக்கொண்டிருந்தது.

அதனால் டயர் கடையை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போக முடியாது. நட் ஏன் தளர்ந்தது என்று கண்டுபிடிக்காமல் புது ஸ்டட் போட்டால் அதுவும் இதே வழியில்தான் போகும்.

இந்த இழையைப் படிக்கும் மற்றவர்களுக்காகவும் ஒன்றை விளக்கிவிடுகிறேன். வண்டியின் எடையை ஸ்டட் தாங்குவதாகப் பலர் நினைக்கிறார்கள். ஸ்டட்டின் வேலை அது இல்லை. நட்டை இறுக்கும்போது ஸ்டட் மிக மிகக் கொஞ்சம் நீள்கிறது. நீண்டது ஸ்பிரிங் மாதிரித் திரும்பச் சுருங்கப் பார்க்கும். அந்த இழுப்பு சக்கரத்தை டிரம் மேல் அழுத்துகிறது. எடை, பிரேக், வளைவு எல்லாவற்றையும் தாங்குவது அந்த இரண்டு முகங்களுக்கு நடுவே இருக்கும் உராய்வு. எம்12 (12 மில்லிமீட்டர் விட்டம்) ஸ்டட்டை 110 நியூட்டன் மீட்டரில் இறுக்கினால், உலர்ந்த மரை என்று வைத்துக் கணக்குப் போட்டால், ஒரு ஸ்டட்டுக்கு ஏறத்தாழ 4½ டன் அழுத்தம் வருகிறது. ஆறுக்கும் சேர்த்து 27 டன். சக்கரம் நகரவே நகராது. ஸ்டட் எப்போதும் ஒரே அளவு இழுப்பில் இருக்கும், வளையாது, களைக்காது.

அந்த அழுத்தம் குறைந்தால் சக்கரம் மயிரிழை அளவு ஆடும். அப்போதுதான் ஸ்டட் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை வளைந்து நிமிர்கிறது. எந்த எஃகும் அதை நெடுநாள் தாங்காது.

புதுஓட்டுநர் (சேலம்)

அப்படியென்றால் இன்னும் இறுக்கமாக, காலால் ஏறி மிதித்து இறுக்குவது நல்லதுதானே சார்?

வெர்னியர்

இல்லை தம்பி. ஸ்பிரிங்கை அளவுக்கு மேல் இழுத்தால் திரும்பச் சுருங்காது. வீல் ஸ்டட்டுக்கு வழக்கமாக 10.9 தரம். இழுவலிமை 1,000 மெகாபாஸ்கலைத் தாண்டும். அதில் 90 சதவீதத்தைத் தொட்டாலே நிரந்தரமாக நீள ஆரம்பித்துவிடும். எம்12 × 1.5 (மரை இடைவெளி 1.5 மில்லிமீட்டர்) ஸ்டட்டுக்குக் கணக்குப்படி சுமார் 200 நியூட்டன் மீட்டரிலேயே அந்த எல்லை வந்துவிடுகிறது. நீளமான பைப் மாட்டி ஏறி மிதித்தால் அதைச் சுலபமாகத் தாண்டலாம். பெரிய ஏர் கன்னும் அப்படித்தான்.

இப்படி நீண்ட ஸ்டட்டைக் கையால் கண்டுபிடிக்கலாம். நட்டைக் கழற்றிச் சுத்தம் செய்து, விரலால் மட்டும் திருகிப் பாருங்கள். நல்ல ஸ்டட்டில் கடைசி வரை தங்குதடையில்லாமல் போகும். நீண்டதில் நடுவில் ஓரிடத்தில் பிடித்துக்கொள்ளும். மரையின் இடைவெளி அங்கே மாறியிருக்கிறது என்று அர்த்தம்.

மஸ்கட்தமிழன்

நான் இங்கே ஓமானில் ஹைலக்ஸ் வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் பட்டறையில் இருக்கிறேன். பாலைவனத்து வாதியில் (வறண்ட ஆற்றுப்படுகை) ஓடுகிற வண்டிகள், ஸ்டட் வேலை அடிக்கடி வரும். கொல்லிமிளகு, உங்கள் போட்டோவில் அந்த அலாய் வீல் வி-கிராஸுடையது மாதிரித் தெரியவில்லையே? டொயோட்டா ஃபார்ச்சூனர் வீல் மாதிரி இருக்கிறது. வாங்கும்போதே இப்படித்தான் இருந்ததா?

கொல்லிமிளகு

ஆமாம், வாங்கும்போதே இந்த அலாய்தான். "அப்படியே பொருந்தும், ஒரு பிரச்சினையும் இல்லை" என்று விற்றவர் சொன்னார். ஸ்டெப்னி மட்டும் இரும்பு வீல்.

மஸ்கட்தமிழன்

சரி, அப்படியென்றால் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும்.

முதலாவது நடுத் துளை. இரண்டு வண்டிக்கும் ஆறு ஸ்டட்தான், ஸ்டட் வட்டத்தின் விட்டம் 139.7 மில்லிமீட்டர்தான், மரையும் எம்12 × 1.5தான். அதனால் சக்கரம் மாட்டும். ஆனால் டொயோட்டா வீலின் நடுத் துளை 106 மில்லிமீட்டர், டி-மேக்ஸ் ஹப்பின் (சக்கரம் மாட்டும் மையப் பகுதி) நடு முண்டு 100. சுற்றிலும் 3 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். ஒரிஜினல் வீலில் அந்த முண்டுதான் சக்கரத்தைச் சரியாக நடுவில் உட்கார வைக்கும். உங்கள் வண்டியில் அந்த வேலையும் நட்டின் தலையில் விழுந்திருக்கிறது.

இரண்டாவது இன்னும் முக்கியம். நட்டின் அடிப்பாகமும் வீலின் துளையும் எந்த வடிவத்தில் இருக்கின்றன என்று பாருங்கள். டொயோட்டா அலாய்க்கு வருகிற நட் வேறு மாதிரி: ஒரு நேரான கழுத்து துளைக்குள் இறங்கும், அதற்கு மேலே தட்டையான வாஷர் வீலில் உட்காரும். இரும்பு வீலுக்கு வருவது கூம்பு நட். கூம்பு நட்டைத் தட்டை இருக்கையில் போட்டால் துளையின் விளிம்பில் கோடு மாதிரி ஒரு வட்டம் மட்டும்தான் தொடும். இறுக்கும்போது கெட்டியாக இருப்பதுபோலத் தோன்றும். ஓட ஓட அலுமினிய விளிம்பு நசுங்கும். நசுங்கிய அளவுக்கு ஸ்டட்டின் இழுப்பு போய்விடும்.

பார்த்துச் சொல்லுங்கள். எனக்குக் கிட்டத்தட்ட நிச்சயம்.

கொல்லிமிளகு

அண்ணே, அப்படியே இருக்கிறது! சக்கரம் இன்னும் கழற்றவில்லை, ஆனால் முறிந்த ஸ்டட் இருந்த துளைகளுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். துளை நேராக உருளையாக இறங்குகிறது, வாயில் தட்டையான வளையம். அதன் உள் விளிம்பு நசுங்கிப் பளபளவென்று மின்னுகிறது. ஒரு துளை முட்டை வடிவத்துக்குப் போய்விட்டது. என்னிடம் இருக்கிற நட் எல்லாம் குரோம் பூசிய கூம்பு நட்.

ரிக்வண்டி

இதுதான் காரணம். ஏர் கன்னும் கொஞ்சம் உதவி செய்திருக்கலாம், ஆனால் வேர் இங்கே இருக்கிறது. மஸ்கட் அண்ணனுக்கு நன்றி.

இனி வேலைக்கு வருவோம்.

டீசல்வாசம்

காரணம் எதுவாக இருந்தாலும் இப்போதைக்கு இரண்டு ஸ்டட் நாமக்கல் லேத்தில் கடைந்து வாங்கி, சுற்றுகிற ஸ்டட்டைப் பின்னால் ஒரு பொட்டு வெல்டிங் வைத்தால் சுற்றாது. அரை நாளில் வேலை முடியும். லாரிக்கே அப்படிச் செய்து பார்த்திருக்கிறேன்.

வெர்னியர்

நண்பரே, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன், ஆனால் இந்த இரண்டையும் நான் கடுமையாக மறுக்கிறேன்.

லேத்தில் சாதாரண எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) கம்பியைக் கடைந்தால் வலிமை பாதிகூட இருக்காது. பெரிய கம்பெனிகளில் ஸ்டட்டின் மரையை வெட்டுவதில்லை, உருட்டி அழுத்தி எடுக்கிறார்கள். அதனால் மரையின் அடிப்பள்ளம் கெட்டிப்படுகிறது. வெட்டிய மரையில் அந்தப் பள்ளம்தான் விரிசல் தொடங்கும் இடம்.

வெல்டிங் இன்னும் மோசம். 10.9 எஃகு சூடேற்றிப் பதப்படுத்தியது. அதன் தலையில் வெல்டிங் வைத்தால் பதம் போகும், சுற்றிலும் நொறுங்கும் தன்மை வரும். ஸ்டட் செருகியிருக்கும் தட்டான ஆக்ஸில் ஃபிளாஞ்சுக்கும் அதே கதி. பக்கத்திலேயே ஆக்ஸில் பேரிங்கும் ஆயில் சீலும் இருக்கின்றன. இன்னொன்று, அடுத்த முறை அந்த ஸ்டட்டை எடுக்கவே முடியாது.

டீசல்வாசம்

சரி, வெல்டிங் யோசனையை விட்டுவிடுகிறேன். லேத் விஷயத்தில் நல்ல எஃகுக் கம்பி கிடைத்தால் என்ன என்று இன்னும் தோன்றுகிறது. ஆனால் ரெடிமேட் கிடைக்கும்போது அதற்கு அவசியமில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

ரிக்வண்டி

கொல்லிமிளகு, வாங்க வேண்டியவை: அந்த ஹப்புக்கு ஆறு ஸ்டட்டும். இரண்டு மட்டும் போதாது. பக்கத்து ஸ்டட் முறிந்த பிறகு அந்தப் பாரத்தை மற்றவை வளைந்து வளைந்து சுமந்திருக்கின்றன. வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே விரிசல் இருக்கலாம். சக்கரத்தையும் ஸ்டட்டையும் கழற்றிப் போட்டுவிட்டு நான்கு பழைய ஸ்டட்டை மிச்சம் பிடிப்பதில் லாபமே இல்லை.

வாங்கும்போது வண்டி மாடல் சொல்லி, பின் ஆக்ஸிலுக்கு என்று கேட்டு வாங்குங்கள். முன் ஸ்டட் நீளம் மாறலாம். "எம்12 தானே" என்று வேறு வண்டி ஸ்டட்டை நீட்டினால் வாங்காதீர்கள். மரை ஒன்றாக இருந்தாலும் நர்லிங் (ஃபிளாஞ்ச் துளையில் பிடித்துக்கொள்ளும் பல் பகுதி) விட்டம் மாறும். 13 சொச்சமும் உண்டு, 14 சொச்சமும் உண்டு. சின்னது போட்டால் சுற்றும், பெரியது போட்டால் ஃபிளாஞ்ச் துளையில் விரிசல் விடும். பழைய ஸ்டட் ஒன்றை வெளியே எடுத்து நர்லிங், அதன் நீளம், தலையின் விட்டம் மூன்றையும் வெர்னியரில் அளந்து கடைக்காரருக்குச் சொல்லிவிடுங்கள்.

கூடவே, பலியாக ஒரு சாதாரண எம்12 × 1.5 நட், கொஞ்சம் கெட்டியான வாஷர்கள், பிரேக் கிளீனர், டார்க் ரெஞ்ச் (திருப்பு விசையை அளந்து இறுக்கும் ஸ்பேனர்). டார்க் ரெஞ்ச் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம்.

வண்டியைத் தூக்குவதில் ஒரு ஆபத்து இருக்கிறது, நிதானமாகப் படியுங்கள். பின்னால் டிரம் பிரேக். ஹேண்ட் பிரேக்கும் அதே டிரம்மில்தான். டிரம்மைக் கழற்ற ஹேண்ட் பிரேக்கை விட்டே ஆக வேண்டும். "கியரில்தான் இருக்கிறதே" என்று நம்பக் கூடாது. ஒரு பின் சக்கரம் அந்தரத்தில் இருந்தால், டிஃபரன்ஷியல் வழியாக அது ஒரு பக்கம் சுற்ற, தரையில் இருக்கிற மற்ற சக்கரம் எதிர்ப்பக்கம் உருளும். கியர் அதைத் தடுக்காது. 4எச் (நான்கு சக்கர இயக்கம்) போட்டால் முன் சக்கரங்கள் பிடிக்கும் என்பது உண்மைதான், ஆனால் குமிழைத் திருப்பியதும் உள்ளே பல் விழுந்துவிட்டது என்று சொல்ல முடியாது. சில நேரம் வண்டி கொஞ்சம் நகர்ந்த பிறகுதான் விழும். அதோடு ஸ்டட்டை எடுக்க ஃபிளாஞ்சைச் சுற்ற வேண்டி வரும். அப்போது 2எச் (பின் சக்கர இயக்கம் மட்டும்), நியூட்ரல் இரண்டும் வேண்டும்.

ஆகவே முன் சக்கரம் இரண்டுக்கும், வலது பின் சக்கரத்துக்கும் முன்னாலும் பின்னாலும் கட்டை. செங்கல் வேண்டாம், நொறுங்கும். மரக்கட்டை. ஜாக்கியில் தூக்கியதும் ஆக்ஸில் குழாய்க்கு அடியில் ஸ்டாண்டு. ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் கை வைக்காதீர்கள்.

புதுஓட்டுநர்

அந்தச் சுற்றுகிற ஸ்டட்டை எப்படி எடுப்பது? அது கழலாமல் சக்கரமே வராதே?

மஸ்கட்தமிழன்

அதுதான் இந்த வேலையிலேயே சிரமமான இடம். நாங்கள் செய்கிற வரிசை இது.

மற்ற மூன்று நட்டையும் இரண்டு மூன்று சுற்றுத் தளர்த்தி விடுங்கள், கழற்ற வேண்டாம். இப்போது சக்கரம் கொஞ்சம் வெளியே வர இடம் இருக்கும். சுற்றுகிற ஸ்டட்டுக்குப் பக்கத்தில் வீலுக்கும் டிரம்முக்கும் நடுவே கடப்பாரையின் தட்டை முனையைக் கொடுத்து வெளிப்பக்கமாக நெம்புங்கள். சக்கரம் நட்டை வெளியே தள்ளும், நட் ஸ்டட்டை இழுக்கும், ஸ்டட்டின் தலை ஃபிளாஞ்சின் பின்புறம் அழுந்தும். மிச்சம் இருக்கிற நர்லிங் பல் அந்த அழுத்தத்தில் பிடித்துக்கொள்ளும். ஒருவர் நெம்பிப் பிடித்திருக்க, இன்னொருவர் ஸ்பேனரைச் சிறு சிறு வெட்டாகத் திருப்ப வேண்டும். முதல் நாள் இரவே நட்டின் வாயில் துரு விடுவிக்கும் ஆயில் அடித்து வையுங்கள். பெரும்பாலும் வந்துவிடும்.

வரவில்லை என்றால் நட்டைத்தான் பலி கொடுக்க வேண்டும். இரும்பு வீலாக இருந்தால் நட் வெளியே தெரியும், கிரைண்டரால் ஒரு பக்கம் வெட்டி உளியால் பிளக்கலாம். அலாயில் நட் குழிக்குள் இருக்கும், கிரைண்டர் போகாது. ஸ்டட்டின் நடுவில் புள்ளி குத்தி, 5 மில்லிமீட்டர் டிரில்லில் தொடங்கி, படிப்படியாகப் பெரிதாக்கிக் குடைய வேண்டும். எஃகு கெட்டி, கோபால்ட் டிரில் வேண்டும், மெதுவான வேகம், ஆயில் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். உங்கள் வீல் எப்படியும் கழித்துப்போட வேண்டியதுதான், அதனால் துளை கீறினாலும் கவலைப்படாதீர்கள்.

கொல்லிமிளகு

ஸ்டட் ஆறும் சேலத்தில் கிடைத்தன, நாளை பஸ்ஸில் வருகின்றன. செம்மேட்டில் ஜீப் வேலை பார்க்கிற மெக்கானிக் ஒருவரும் வருகிறார். டிரம்மைக் கழற்றிய பிறகு ஸ்டட்டை எப்படி எடுத்து, எப்படிப் பொருத்துவது என்று யாராவது விவரமாக எழுதினால் அவரிடமும் காட்டுவேன்.

ரிக்வண்டி

டிரம் ஒட்டிக்கொண்டிருந்தால் ஓரத்தில் அடிக்காதீர்கள், விளிம்பு உடையும். பல டிரம்மில் மரை வெட்டிய சின்னத் துளை இரண்டு இருக்கும். அதில் போல்ட் விட்டு இரண்டையும் மாற்றி மாற்றித் திருகினால் டிரம் தானாக வெளியே வரும். பழைய டிரம்மில் உள்ளே படி விழுந்திருந்தால் பிரேக் ஷூவைக் கொஞ்சம் சுருக்க வேண்டியிருக்கும். ஷூ லைனிங்கைக் கையால் தொட வேண்டாம், தூசியை வாயால் ஊத வேண்டாம்.

எடுப்பது: ஸ்டட்டை முன்னாலிருந்து பின்னால் தள்ள வேண்டும். தலைக்குப் பின்னால் பேக் பிளேட்டும் (ஷூவைத் தாங்கும் தகடு) பிரேக் ஷூவும் இருக்கின்றன. ஃபிளாஞ்சைச் சுற்றிக்கொண்டே வந்தால் ஸ்டட் முழுதாகப் பின்னால் வர இடம் கிடைக்கிற ஒரு நிலை இருக்கும். அந்த நிலையைச் சாக்பீஸால் குறித்துவிடுங்கள், ஆறு ஸ்டட்டுக்கும் அங்கேதான் வேலை. இடம் போதவில்லை என்றால் ஒரு ஷூவைக் கழற்ற வேண்டும். வேறு வழியில்லை. ஸ்டட்டை வளைத்து நுழைக்க முயல வேண்டாம்.

சம்மட்டியால் ஓங்கி அடிக்கிறார்கள் பலர். அந்த அடி நேராக ஆக்ஸில் பேரிங்குக்குப் போகும். குண்டுகளின் பாதையில் பள்ளம் விழுந்தால் இரண்டு மாதம் கழித்து ஊளைச் சத்தம் வரும், காரணம் யாருக்கும் புரியாது. பால் ஜாயின்ட் பிரஸ் இருந்தால் அதை மாட்டித் தள்ளுங்கள். கெட்டியான ஜி-கிளாம்பும் ஒரு துண்டு பைப்பும் இருந்தாலும் போதும். அடித்தே ஆக வேண்டும் என்றால் பித்தளைக் கம்பியை வைத்து, கட்டையான ஒரே அடி. ஏபிஎஸ் சென்சாரின் ஒயர் அங்கே எங்கே ஓடுகிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

போடுவது: துளையைச் சுத்தம் செய்து, விரலை விட்டுப் பாருங்கள். பழைய பல்தடம் தெளிவாக இருக்க வேண்டும். சுற்றிய ஸ்டட் இருந்த துளையை மட்டும் டார்ச் அடித்து நன்றாகப் பாருங்கள். அது வழவழவென்று பெரிதாகியிருந்தால் புது ஸ்டட்டும் நிற்காது. அப்புறம் ஆக்ஸில் ஷாஃப்ட் மாற்றுவதுதான் ஒழுங்கான வழி.

ஸ்டட்டைப் பின்னாலிருந்து நுழைத்து, பல் பழைய தடத்தில் விழுகிறதா என்று கையால் லேசாகத் திருப்பிப் பார்த்து வையுங்கள். முன்னால் மூன்று நான்கு வாஷர், வாஷருக்கு நடுவே கொஞ்சம் கிரீஸ், அதற்கு மேல் அந்தப் பலி நட், தட்டைப் பக்கம் உள்ளே. கை ஸ்பேனரால் நிதானமாக இறுக்குங்கள். ஸ்டட் மெல்ல மெல்ல உள்ளே வருவதைப் பார்க்கலாம். தலை ஃபிளாஞ்சில் முட்டியதும் ஸ்பேனர் சட்டென்று கனக்கும். அங்கே நிறுத்திவிடுங்கள். ஏர் கன் வேண்டவே வேண்டாம். பின்னால் மெல்லிய பிளேடு ஒன்றைத் தலைக்கும் ஃபிளாஞ்சுக்கும் நடுவே நுழைத்துப் பாருங்கள், எந்தப் பக்கமும் நுழையக் கூடாது. வண்டியில் போடப்போகிற நல்ல நட்டை இதற்குப் பயன்படுத்த வேண்டாம், அதன் மரை தேய்ந்துவிடும்.

வேலை முடிந்ததும் மரையில் இருக்கிற கிரீஸைத் துடைத்து எடுத்துவிடுங்கள்.

டீசல்வாசம்

மரையில் கிரீஸ் இருந்தால் அடுத்த முறை சுலபமாகக் கழலுமே? மலையில் மழையும் சேறும். நான் எப்போதும் கொஞ்சம் தடவித்தான் போடுவேன்.

வெர்னியர்

இதில் பட்டறைக்குப் பட்டறை கருத்து மாறும். ஆனால் கணக்கு இதுதான்: மேனுவலில் கொடுத்திருக்கிற டார்க் உலர்ந்த மரைக்கு. நாம் கொடுக்கும் திருப்பு விசையில் பெரும்பகுதி உராய்வுக்கே போகிறது, கொஞ்சம்தான் ஸ்டட்டை இழுக்கிறது. கிரீஸ் தடவினால் உராய்வு குறையும், அதே டார்க்கில் ஸ்டட் கணிசமாகக் கூடுதலாக இழுபடும். நீங்கள் 110 வைத்ததாக நினைப்பீர்கள், ஸ்டட் 140 வைத்ததுபோல நீளும். சேற்று மலை என்றால் மரையைக் கம்பிப் பிரஷால் தேய்த்துச் சுத்தமாக வையுங்கள், மூடி உள்ள நட் போடுங்கள். கிரீஸ் தடவ வேண்டிய இடம் ஹப்பின் நடு முண்டு. அங்கே மெல்லிய பூச்சு போட்டால் வீல் துருப்பிடித்து ஒட்டாது. வீலும் டிரம்மும் தொடுகிற முகத்தில் எண்ணெய், பெயின்ட், துருப்பொடி எதுவும் இருக்கக் கூடாது.

புதுஓட்டுநர்

இடது பக்கச் சக்கரத்துக்கு எதிர் மரை இருக்க வேண்டாமா? எங்கள் தாத்தாவின் பழைய ஜீப்பில் இடது பக்கம் எதிர்ப்பக்கம் திருப்பித்தான் கழற்றுவார்கள்.

மஸ்கட்தமிழன்

பழைய வில்லிஸ் ஜீப்பில் அப்படித்தான். சக்கரம் சுற்றும் திசையில் நட் தளர்ந்துவிடக் கூடாது என்று இடது பக்கத்துக்கு இடது மரை. ஸ்டட் முனையில் 'எல்' எழுத்தைக் குத்தியிருப்பார்கள். அது தெரியாமல் பலர் கழற்றுவதாக நினைத்து இறுக்கியே ஸ்டட்டை முறித்திருக்கிறார்கள். இருக்கையும் டார்க்கும் சரியாக இருந்தால் எதிர் மரை தேவையில்லை. டி-மேக்ஸ், ஹைலக்ஸ் இரண்டிலும் நான்கு பக்கமும் வலது மரைதான்.

கொல்லிமிளகு

வேலை முடிந்தது. எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

சுற்றிய ஸ்டட் கடப்பாரை முறையிலேயே வந்துவிட்டது, டிரில் தேவைப்படவில்லை. நெம்பும்போது முதலில் வழுக்கியது, பிறகு சட்டென்று பிடித்து, நட் கிறீச்சென்று சத்தம் போட்டுக்கொண்டே கழன்றது. வெளியே எடுத்துப் பார்த்தால் நர்லிங்கில் ஒரு பக்கம் பல்லே இல்லை. நல்லவேளையாக ஃபிளாஞ்ச் துளையில் தடம் தெளிவாக இருந்தது, ஸ்டட்தான் தேய்ந்திருக்கிறது. புது ஸ்டட் மற்ற ஐந்தைப் போலவே கனமாக உள்ளே ஏறியது.

பேக் பிளேட்டில் ஸ்டட் வெளியே வர இடம் போதவில்லை. பின் பக்க ஷூவைக் கழற்றிய பிறகுதான் வந்தது. ரிக்வண்டி அண்ணன் சொன்ன ஸ்டாண்டு, கட்டை எல்லாம் அப்படியே செய்தோம். மெக்கானிக் முதலில் "கியரில் போட்டால் போதுமே" என்றார். தூக்கிய சக்கரத்தைக் கையால் சுற்றிக் காட்டியதும் அவரே இன்னும் இரண்டு கட்டை எடுத்து வந்தார்.

"இறுக்கமாக இருக்கிறது" என்று நான் எழுதியிருந்த மூன்று ஸ்டட்டில் ஒன்றின் அடிப்பகுதியில் நகம் மாட்டுகிற அளவுக்கு விரிசல். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துச் சாக்பீஸ் பொடி தூவினோம், கொஞ்ச நேரத்தில் ஈரக் கோடாகத் தெரிந்தது. இறக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வீட்டில் எல்லோரும் அதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அலாய் நான்கையும் கழற்றிவிட்டேன். இரும்பு வீல் செட் ஒன்று சேலத்திலேயே கிடைத்தது, டி-மேக்ஸுக்கு உரியது. ஹப் முண்டில் கையால் தள்ளியதுமே கச்சிதமாக உட்கார்ந்தது. புது கூம்பு நட், மேனுவலில் இருந்த டார்க், நட்சத்திர வரிசையில் மூன்று தடவையாக இறுக்கினோம்.

ரிக்வண்டி

அருமை. செம்மேடு போய் வந்ததும் மறுபடி டார்க் வைத்துப் பாருங்கள். புது ஸ்டட் முதல் ஓட்டத்தில் இன்னும் மயிரிழை உள்ளே இறங்கும். 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் ஒரு தடவை கட்டாயம். சக்கரம் ஆறின பிறகு பாருங்கள், சூட்டோடு வேண்டாம்.

அந்த அலாயை விற்கும்போது துளை நசுங்கியதையும் சேர்த்துச் சொல்லி விற்றுவிடுங்கள். முட்டை வடிவமான அந்த ஒன்றை யாருக்கும் கொடுக்காதீர்கள். பழைய இரும்புக்கடையில் எடைக்குப் போடலாம்.

கொல்லிமிளகு

நேற்று போய் வந்து பார்த்தேன். ஒரு நட் மட்டும் கால் சுற்றுக்கும் குறைவாகத் திரும்பியது, மற்ற ஐந்தும் அசையவில்லை. இன்று காலை மறுபடி பார்த்தேன், ஆறும் அப்படியே நின்றன.

மற்ற மூன்று சக்கரத்திலும் வெர்னியர் சார் சொன்ன விரல் சோதனை செய்தேன். வலது பின்னால் இரண்டு ஸ்டட்டில் நட் பாதியில் பிடிக்கிறது, அதற்கும் ஆறு சொல்லியிருக்கிறேன். முன்னால் இடது பக்கம் ஒன்று பிடிக்கிறது. முன் பக்கமும் இதே முறைதானா?

மஸ்கட்தமிழன்

முன் பக்கம் டிஸ்க். காலிப்பரைக் கழற்றி ஒயரால் கட்டித் தொங்கவிட வேண்டும், பிரேக் ஹோஸில் தொங்கக் கூடாது. டிஸ்க் வந்த பிறகு ஸ்டட் பின்னால் வெளியேற நக்கிளுக்கும் (ஹப்பைத் தாங்கும் பாகம்) ஹப்புக்கும் நடுவே இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இதே முறை. இல்லையென்றால் ஹப்பைக் கழற்ற வேண்டும். அதில் டிரைவ் ஷாஃப்ட் நட், பேரிங், ஏபிஎஸ் எல்லாம் வருவதால் மலையில் வைத்துச் செய்ய வேண்டாம். பின் பக்கம் இரண்டும் முடிந்த பிறகு வண்டி நன்றாகத்தான் ஓடும், மெதுவாக நாமக்கல்லுக்கு இறக்கி அங்கே பாருங்கள். சக்கரத்தைக் கழற்றிய போட்டோ இங்கே போட்டால், எந்த வகை என்று பார்த்துச் சொல்கிறேன்.